பிள்ளையின் பிழையும் தாய்மொழியின் தடமும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

குடிநீர், சாலை, தெருவிளக்கு, வரி வசூல் ஆகியவற்றைப் பற்றி அறிஞர்கள் பலர் இம்முகாமில் உங்களுக்கு எடுத்துரைத்தார்கள். நானோ உங்கள் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். “இது வாத்தியார் வேலையாயிற்றே, ஊராட்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று உங்களுள் சிலர் எண்ணக் கூடும். பிழைத்த நோட்டைக் கண்டு, “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று பள்ளியும் வீடும் முடிவு கட்டிவிட்டால், அப்பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடுகிறான். அந்த இழப்பு ஊரின் இழப்பு. ஆகையால் இதனை ஊரார் அறிந்திருப்பது நன்று.

நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது செய்த தவறு ஒன்றை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன். வட மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். “எங்கள் வீடு” என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். வீட்டில் தெலுங்கு பேசும் சிறுவன் ஒருவன், “அம்மா வயலுக்குப் போனது. அக்கா சோறு கொண்டு வந்தது” என்று எழுதியிருந்தான். அதை நான் வகுப்பில் உரக்கப் படித்து, “உன் அம்மா மனுஷியா, மாடா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் வீட்டைத் தேடிப் போனேன். தந்தையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். “படிப்பு ஏறாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஐயா? மாடாவது மேய்க்கட்டும்” என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் பசு வீடு திரும்பியது. அவர் உள்ளே இருந்தவர்களிடம் “ஆவு வச்சிந்தி” என்றார். சற்று நேரத்தில் பையனின் தாய் வயலிலிருந்து வந்தார். “அம்ம வச்சிந்தி” என்றான் பையன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெலுங்கில் ஒருமையில் ஆண்மகனுக்கு ஒரு வினைமுற்று. பெண்ணுக்கும் அஃறிணைக்கும் சேர்த்து மற்றொரு வினைமுற்று. அந்தச் சிறுவன் தன் தாயை இழிவுபடுத்தவில்லை. தன் வீட்டு மொழியின் இலக்கணத்தைத் தமிழில் அப்படியே கடைப்பிடித்திருந்தான். அவனுடைய இலக்கணத்தை அறியாத நானே அன்று பிழை செய்தவன்.

மூன்று மாதம் கழித்து அவன் பள்ளிக்குத் திரும்பினான். ஆனால் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் அதன்பின் அவன் வாய் திறந்ததில்லை. அன்று தொடங்கிப் பிள்ளைகளின் பிழைகளைக் கூர்ந்து கவனிப்பதை ஒரு கடமையாகக் கொண்டேன். அவ்வாறு கண்டவற்றுள் சிலவற்றையே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

பழக்கத்தின் வலிமை

ஏரில் இடப்புறம் பூட்டிப் பழகிய மாட்டை ஒரு நாள் வலப்புறம் பூட்டிப் பாருங்கள். அது தடுமாறும், பழைய பக்கத்துக்கே சாயும். அதைக் கண்டு அறிவுள்ள உழவர் எவரும் “இது உழவுக்கு உதவாத மாடு” என்று சந்தையில் விற்றுவிடுவதில்லை. நன்றாக உழுது பழகிய மாடு என்பதனால்தான் அது பழைய பக்கத்தை நாடுகிறது என்று அறிந்து, பொறுமையாகப் பழக்குகிறார். இரண்டாம் மொழி எழுதும் குழந்தையின் நிலையும் இதுவே. ஐந்து வயதுக்குள் அது தன் தாய்மொழியின் ஒலிகளையும், சொற்களை அடுக்கும் முறையையும் பெரும்பாலும் கற்றுவிடுகிறது. புதிய மொழியை எழுதும்போது கை அந்தப் பழைய தடத்திலேயே செல்கிறது.

மொழியறிஞர்கள் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். 1953-ஆம் ஆண்டில் யூரியல் வைன்ரைக் என்பவர், இரு மொழிகள் ஒருவரிடத்தே சேரும்போது ஒன்றின் சாயல் மற்றொன்றில் படிவதை விரிவாக எழுதினார். 1957-இல் ராபர்ட் லாடோ என்ற அமெரிக்க அறிஞர், இரு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மாணவனுக்கு எவை எளியவை, எவை கடியவை என்று முன்னரே ஊகிக்கலாம் என்றார். 1967-இல் பிட் கார்டர் என்பவர் இன்னும் ஒரு படி மேலே சென்று, மாணவனின் பிழைகள் அவன் எதுவரை கற்றிருக்கிறான் என்பதை ஆசிரியனுக்குக் காட்டும் சான்றுகள் என்று விளக்கினார். அதுவரை களையாக எண்ணப்பட்டுவந்த பிழையை, மண்ணின் தன்மையை அறிவிக்கும் மண் பரிசோதனை போலக் கருதும் நோக்கு அதன்பின் வளர்ந்தது.

ஒலியினால் வரும் பிழைகள்

இனி நம் பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது செய்யும் பிழைகளைக் காண்போம். தமிழில் ‘பம்பரம்’ என்ற சொல்லை ஒரு முறை சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரம் வன்மையாக ஒலிக்கிறது. மகர ஒற்றுக்குப் பின் வரும் பகரம் மென்மையாக அதிர்ந்து ஒலிக்கிறது. இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது தமிழனுக்கு இயல்பாகவே தெரியும். ஆகவே இரண்டு எழுத்துகள் தேவைப்படவில்லை. ககரம், டகரம், தகரம் ஆகியவையும் இவ்வாறே. ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘மகன்’ என்ற மூன்று சொற்களிலும் ககரத்தின் ஒலி வேறுபடுவதைக் காணலாம். இது தமிழ் எழுத்தின் குறையன்று, சிக்கனம்.

ஆங்கிலத்திலோ இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. ‘பஸ்’ என்ற சொல்லின் முதல் எழுத்து வேறு. ‘பென்சில்’ என்ற சொல்லின் முதல் எழுத்து வேறு. தமிழில் அவ்விரு எழுத்துகளின் பெயர்களையும் ‘பி’ என்றே எழுத வேண்டியிருக்கிறது! அப்படியிருக்க, ஏழு வயதுப் பிள்ளை ‘பஸ்’ என்று எழுத வேண்டிய இடத்தில் பென்சிலின் எழுத்தைப் போட்டுவிட்டால் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

இதனைப் பிள்ளைகளின் தவறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உங்கள் வீட்டுக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். கோபால், பாலு, தனபால், கந்தசாமி போன்ற பெயர்கள் ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மற்றொரு விதமாகவும், மதிப்பெண் சான்றிதழில் வேறொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். உதவித் தொகையோ கடனோ பெறப் போகும்போது, “பெயர் பொருந்தவில்லை” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். அவற்றை எழுதியவர்கள் படித்த பெரியவர்கள். ஒரே தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் போட்டி போடுவதே இதற்குக் காரணம். பெரியவர்களை மன்னிக்கும் நாம் குழந்தையை மட்டும் ஏன் அடிக்கிறோம்?

வேறு சில ஒலிப் பிழைகளும் உண்டு. தமிழ்ச் சொற்கள் க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின ஒற்றுகளில் முடிவதில்லை. ஆகையால் ‘ரோட்’ என்பது நம் வாயில் ‘ரோடு’ ஆயிற்று. ‘பேங்க்’ என்பது ‘பேங்கு’ ஆயிற்று. ‘நோட்’ என்பது ‘நோட்டு’ ஆயிற்று. தமிழில் எழுதும்போது இது அழகே. ஆனால் குழந்தை ஆங்கிலத்தில் எழுதும்போதும் சொல்லின் இறுதியில் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுகிறது. சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதும் தமிழ் மரபன்று. எனவே ‘ஸ்கூல்’ என்பதற்கு முன் ஓர் இகரத்தைச் சேர்த்து ‘இஸ்கூல்’ என்று சொல்லி, அவ்வாறே எழுதியும் விடுகிறது. ‘ஃபேன்’ என்பதன் முதல் ஒலி தமிழில் இல்லாமையால், அதற்கும் பென்சிலின் எழுத்தையே இடுகிறது.

சொல்லை அடுக்குவதில் வரும் பிழைகள்

ஒலியைக் காட்டிலும் வாக்கிய அமைப்பில் தாய்மொழியின் தடம் ஆழமாகத் தெரிகிறது. தமிழில் வினைச்சொல் இறுதியில் வரும். “நான் பள்ளிக்குப் போனேன்” என்று நினைக்கும் பிள்ளை “ஐ ஸ்கூல் வென்ட்” என்று எழுதுகிறது. ஆங்கிலத்திலோ “ஐ வென்ட் டு ஸ்கூல்” என்று வினை நடுவில் வர வேண்டும்.

இதனை வெறும் வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. “நாய் முருகனைக் கடித்தது” என்றாலும், “முருகனை நாய் கடித்தது” என்றாலும் தமிழில் பொருள் ஒன்றே. கடித்தது எது, கடிபட்டது யார் என்பதை ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அத்தகைய உருபு பெயர்ச்சொற்களுக்கு இல்லை. சொல் நிற்கும் இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. அங்கே முருகனை முன்னே வைத்து நாயைப் பின்னே வைத்தால், முருகன் நாயைக் கடித்ததாகப் பொருள் ஆகிவிடும்! இந்த ஓர் எடுத்துக்காட்டை வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்தால், வரிசையின் அருமையைப் பிள்ளைகள் என்றும் மறவார்.

“என் அப்பா உழவர்” என்பது தமிழில் நிறைவான வாக்கியம். அதற்கு வினை வேண்டுவதில்லை. ஆகவே குழந்தை “மை ஃபாதர் ஃபார்மர்” என்று எழுதி நிறுத்திவிடுகிறது. ‘இஸ்’ என்ற சொல்லும், ‘ஏ’ என்ற சிறு சொல்லும் அங்கே வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் முன் வரும் ஏ, ஆன், தி போன்ற சொற்களுக்கு நேரான தனி வகை தமிழில் இல்லை. “எங்களுக்கு இரண்டு மாடு உண்டு” என்பதை “ஃபார் அஸ் டூ கவ்” என்று எழுதும் பிள்ளை, ‘உடைமையைச் சொல்லும் வினை’ ஒன்று ஆங்கிலத்தில் இருப்பதை இன்னும் அறியவில்லை. இரண்டு என்ற எண்ணே பன்மையைக் காட்டிவிட்டதால், மாட்டுக்கும் பன்மை விகுதி எதற்கு என்று தமிழ்ப் பேச்சின்படி விட்டுவிட்டது, அவ்வளவே.

‘இல்’ என்ற ஓர் உருபைக் கொண்டு “பெட்டியில்”, “பேருந்தில்”, “காலையில்” என்றெல்லாம் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இத்தகைய இடங்களில் இன், ஆன், அட் என வெவ்வேறு சொற்கள் வரும். எங்கே எது என்பதில் பட்டதாரிகளே தடுமாறுகிறார்கள்.

இன்னும் ஒரு பிழையைச் சொல்கிறேன். இதனைக் கண்டபோது என் உள்ளம் நெகிழ்ந்தது. “என் தாத்தா நேற்று வந்தார்கள்” என்பதை ஒரு சிறுமி ஆங்கிலத்தில் எழுதும்போது, தாத்தாவுக்கு ‘ஹீ’ என்று எழுதாமல் ‘தே’ என்று எழுதியிருந்தாள். ஒருவருக்குப் பலரைக் குறிக்கும் சொல்லை ஏன் போட்டாய் என்று கேட்டேன். “தாத்தாவை அவன் என்று எழுதலாமா, ஐயா?” என்றாள். ஆங்கிலத்தில் அச்சொல் மரியாதைக் குறைவு அன்று என்பதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அந்தப் பிழைக்குச் சிவப்பு மை இட எனக்குக் கை வரவில்லை.

எல்லாப் பிழையும் தாய்மொழியால் வருவதன்று

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிள்ளைகளின் எல்லாப் பிழைகளுக்கும் தாய்மொழியே காரணம் என்று கருதுவதும் தவறு. 1970-களில் அமெரிக்காவில் டூலே, பர்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளின் ஆங்கிலத்தை ஆராய்ந்து, அவர்களுடைய பிழைகளுள் பெரும்பாலானவை எம்மொழிக் குழந்தையும் செய்யக் கூடியவையே என்று வாதிட்டனர். எந்த அளவுக்கு எது காரணம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்துவந்தாலும், இரு வகைக் காரணங்களும் உண்டு என்பதில் ஐயமில்லை.

எடுத்துக்காட்டாக, ‘ஈட்’ என்ற வினைக்கு இறந்தகாலம் ‘ஏட்’ என்பது. நம் பிள்ளை ‘ஈட்டட்’ என்று எழுதுகிறது. ‘சில்ட்ரன்’ என்பதற்குச் ‘சைல்ட்ஸ்’ என்று எழுதுகிறது. ஆங்கிலேயக் குழந்தைகளும் மழலைப் பருவத்தில் இவ்வாறே சொல்வதுண்டு. மற்ற சொற்களில் கண்ட விதியை இங்கும் பொருத்திப் பார்க்கும் அறிவின் வேலை இது. இதில் தமிழுக்குப் பங்கில்லை. மூன்றாவது வகை, தெரிந்தும் அவசரத்திலோ அயர்விலோ செய்யும் கைப்பிழை. காலையில் பால் கறக்க உதவி, தண்ணீர் சுமந்து, ஓட்டமாக ஓடிவந்த பிள்ளையின் நோட்டில் இவ்வகைப் பிழைகள் மிகுதி.

மூன்று நோய்க்கும் ஒரே மருந்து கொடுப்பார் இல்லை. தாய்மொழித் தடத்தால் வந்ததற்கு இரு மொழிகளையும் ஒப்பிட்டு விளக்க வேண்டும். விதியை மிகையாகப் பொருத்தியதற்குச் சரியான வடிவத்தைப் பலமுறை கேட்கவும் படிக்கவும் செய்தால் போதும். கைப்பிழைக்கு ஒரு முறை திருப்பிப் படிக்கச் சொன்னால் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

தமிழே இரண்டாம் மொழியாகும் பிள்ளைகள்

ஆங்கிலத்தைப் பற்றியே பேசினேன். நம் ஊர்களில் தமிழையே இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளும் பலர். ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும், நீலகிரியில் படுகு மொழியும் பழங்குடி மக்களின் மொழிகளும், மதுரையில் சௌராஷ்டிரமும், பல ஊர்களில் உருதுவும் வீட்டு மொழிகளாக இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் உழைக்க ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. திருப்பூர் முதலிய தொழில் ஊர்களுக்கு இந்தி பேசும் குடும்பங்கள் வருகின்றன. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆகவே இப்பிள்ளைகளுக்குத் தமிழை நன்கு கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது.

இந்தி, ஒடியா ஆகிய மொழிகளின் எழுத்துகளில் எகரக் குறிலும் ஒகரக் குறிலும் தனியே இல்லை. எனவே அவ்வீட்டுப் பிள்ளைக்குக் ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும், ‘செறு’ என்பதும் ‘சேறு’ என்பதும் ஒன்று போலவே படும். ‘நாம்’ என்றால் கேட்பவரும் உட்பட. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் நீங்கலாக. இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ என்ற ஒரே சொல். ஆகையால் “ஐயா, நாம் நேற்று ஊருக்குப் போனோம்” என்று அப்பிள்ளை எழுதினால், ஆசிரியரையும் உடன் அழைத்துச் சென்றதாக ஆகிவிடும்! மலையாள வீட்டுப் பிள்ளைக்கோ வேறு தொல்லை. அம்மொழியில் நான், அவன், அவள் என யார் வந்தாலும் ‘வந்நு’ என்ற ஒரே வினைமுற்று. தமிழில் வந்தேன், வந்தான், வந்தாள் என்று விகுதி மாறுவது அதற்குப் புதுமை. ழகரமும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்று வழக்கில் இல்லை. அவ்வொலியைக் காதால் பிரித்தறியவே அப்பிள்ளைகளுக்குக் காலம் பிடிக்கும்.

தமிழ்த் தாயின் மடியில் வளர்ந்த பிள்ளைக்கும் நூல் தமிழ் ஓரளவு புது மொழியே என்பதை மறத்தல் ஆகாது. வீட்டில் ‘எல’ என்று கேட்ட காது, ஏட்டில் ‘இலை’ என்று காண்கிறது. ‘ஒடம்பு’ என்று கேட்டது ‘உடம்பு’ ஆகிறது; ‘வெறகு’ என்று கேட்டது ‘விறகு’ ஆகிறது. தென் மாவட்டங்கள் பலவற்றில் பழம் ‘பளம்’ ஆகும். சென்னைப் பக்கத்தில் ‘பயம்’ ஆகும். அந்தந்த ஊர்ப் பிள்ளை அவ்வாறே எழுதுகிறது. ‘அக்கா வந்துச்சு’ என்னும் வழக்கும் தமிழ் பேசும் வீடுகளிலேயே உண்டு. கேட்டதைக் கேட்டபடி எழுதும் பிள்ளை கூர்மையான காதுடைய பிள்ளை. அதன் பேச்சைப் பழிக்காமல், “வீட்டில் இப்படிச் சொல்வோம், ஏட்டில் இப்படி எழுதுவோம்” என்று இரண்டையும் அருகருகே காட்டுவதே நல்லாசிரியர் முறை.

செய்ய வேண்டுவன

அன்பர்களே, நோயை இவ்வளவு விரிவாகச் சொன்ன பின் மருந்தையும் சொல்ல வேண்டும் அன்றோ? செலவில்லாமல் நாம் செய்யக் கூடியவை சில உள்ளன.

முதலாவது, பிழைக்காக அடிப்பதையும் இகழ்வதையும் அறவே ஒழிக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளையின் பேச்சைப் பழித்துச் சிரிக்க வைப்பதும் மனத் துன்புறுத்தலே. அதைச் செய்தவன் என்ற முறையில் இதனை உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு மொழி எது என்பதைச் சேர்க்கையின் போதே பள்ளி கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவு, இயன்றவரை பயிற்றுமொழி குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அரசியலமைப்பில் 1956-இல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவும், மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு பணிக்கிறது. சிற்றூரில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்த இயலாமற் போகலாம். ஆயினும் அதே மொழி பேசும் மேல் வகுப்புப் பிள்ளை ஒருவனைத் துணையாக அமர்த்தலாம். அம்மொழி அறிந்த தாய் ஒருவரை வாரம் ஒரு நாள் கதை சொல்ல அழைக்கலாம்.

மூன்றாவது, பிழை திருத்தும் முறை மாற வேண்டும். நோட்டு முழுவதும் சிவப்பு மையால் கோலமிட்டால், பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை, எழுதவே அஞ்சுகிறது. இந்த வாரம் வாக்கிய வரிசை, அடுத்த வாரம் பன்மை விகுதி என்று ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்த வேண்டும். வகுப்பில் அடிக்கடி வரும் பிழைகளை ஆசிரியர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், ஓராண்டில் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு பாடநூல் அவர் கையில் சேர்ந்துவிடும்.

நான்காவது, எழுத்துக்கு முன் காதும் வாயும் பழக வேண்டும். பஸ்ஸின் ஒலியையும் பென்சிலின் ஒலியையும் காதால் பிரித்தறியாத பிள்ளைக்கு, எழுத்தை நூறு முறை எழுதச் சொல்லித் தண்டிப்பதால் பயன் இல்லை.

ஐந்தாவது, தாய்மொழியை வலுப்படுத்த வேண்டும். “ஆங்கிலம் வர வேண்டுமானால் தமிழை மறக்க வேண்டும்” என்று பெற்றோர் சிலர் எண்ணி, தாங்களும் அறியாத ஆங்கிலத்தை வீட்டில் துண்டு துண்டாகப் பேசுகிறார்கள். இது நாற்றங்காலில் வேர் பிடிக்காத நாற்றைப் பிடுங்கி நடுவதற்கு ஒப்பாகும். ஒரு மொழியில் எண்ணவும், வரிசையாகச் சொல்லவும், படித்ததன் கருத்தை வாங்கவும் கற்ற பிள்ளை, அத்திறனை அடுத்த மொழிக்கும் எடுத்துச் செல்கிறது. ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் 1979-இல் இக்கருத்தை வலியுறுத்தினார். எனக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு எப்படி உதவுவேன் என்று கவலைப்படும் உழவர் பெருமகனுக்கு நான் சொல்வது இதுதான்: மாலையில் பிள்ளையை அருகில் அமர்த்தி, “இன்று பள்ளியில் என்ன படித்தாய்? எனக்குச் சொல்” என்று உங்கள் வீட்டு மொழியில் கேளுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். அது பெரிய உதவி.

ஆறாவது, ஊராட்சியின் பங்கு. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் கிராம ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. உங்கள் ஊர் நூலகம் திறந்திருக்கிறதா, அல்லது பூட்டியிருக்கிறதா என்று இன்று மாலையே பாருங்கள். பூட்டியிருந்தால் திறந்து, குழந்தைகளுக்கான நூல்களை அவர்கள் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். படிக்கும் பிள்ளையின் கண்ணில் சரியான வடிவம் மீண்டும் மீண்டும் பட்டுப் பதிகிறது. பிழை தானே குறைகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஊராட்சியின் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. அக்குழு கூடும்போது கட்டடத்தையும் கழிப்பறையையும் மட்டும் பேசிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். சென்ற மூன்று மாதங்களில் பள்ளிக்கு வாராது நின்றவர் யார் யார், அவர்கள் வீட்டு மொழி எது, கடைசியாக அவர்கள் எழுதிய நோட்டில் என்ன இருந்தது என்று தலைமையாசிரியரைப் பணிவாகக் கேளுங்கள். சூளையிலோ தோட்டத்திலோ வேலைக்கு வந்த வெளி மாநிலக் குடும்பத்தின் பிள்ளை ஊரில் இருந்தால், அதன் பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கிராம சபையில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள்.

இதனால் பயன் உடனே விளைந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தாய்மொழித் தடம் மெல்லவே விலகும். பேச்சின் சாயல் வாழ்நாள் முழுதும் ஓரளவு தங்குவதும் உண்டு. அதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் பிள்ளை எழுதுவதை நிறுத்தாமல் இருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பிழையைத் திருத்தலாம். எழுதவே அஞ்சி மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்ட பிள்ளைக்கு நாம் எதைத் திருத்துவது?

அன்று என் வகுப்பில் “அம்மா வயலுக்குப் போனது” என்று எழுதிய சிறுவனிடம், “நன்றாக எழுதியிருக்கிறாய், உங்கள் வீட்டில் இப்படிச் சொல்வீர்கள், தமிழில் அம்மா போனாள் அல்லது போனார் என்போம்” என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.